ரஜூலாவின் உடன்பிறப்பு

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உங்களுக்கு உறவுக்காரர்கள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். எழுபத்தைந்து வயசைத் தாண்டிய ஒரு பெரியவராகப் பார்த்து உட்கார்ந்து, 'ரஜூலா' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் நீங்கள் பேச வேண்டியதே இல்லை. அவர் பேசுவார். கப்பல் எப்படி ஆடியது, எத்தனை நாள் வாந்தி எடுத்தார், பினாங்கு கண்ணில் பட்டபோது எப்படி இருந்தது, திரும்பி வந்த மாமாவின் தகரப் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று சாயங்காலம் வரைக்கும் போகும்.

மெட்ராஸில் கிளம்பி, நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாக சிங்கப்பூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்கு 'கப்பல்' என்றாலே ரஜூலாதான்.

இந்தக் கட்டுரை ரஜூலாவைப் பற்றியது இல்லை. ரஜூலாவுக்கு ஒரு சகோதரி இருந்தாள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே வேலை. பெயர், ரோஹ்னா. ரஜூலாவை நினைவு வைத்திருக்கும் நமக்கு ரோஹ்னாவைத் தெரியாது. அமெரிக்காவில் சில ஆயிரம் குடும்பங்களுக்கு ரோஹ்னாவைத் தெரியும், ரஜூலாவைத் தெரியாது. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் கம்பெனி. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். சுருக்கமாக பி.ஐ. எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? கேள்விப்பட்டதுதான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடி - கொழும்பு வழியில் போட்டிக்கு நின்றாரே, அந்த வெள்ளைக்காரக் கம்பெனி இதுதான். டிக்கெட் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கி அவரை நசுக்கப் பார்த்த புண்ணியவான்கள்.

வ.உ.சி.யைச் சிறையில் தள்ளி, சுதேசிக் கம்பெனியும் மூழ்கிப்போய், ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, அதே பி.ஐ. இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ரஜூலா. இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் ரோஹ்னா. இரண்டும் 1926-ல் தண்ணீரில் இறங்கின. ரோஹ்னாவின் கொள்ளளவு 8,602 டன். பெரிய கப்பல் என்று சொல்ல முடியாது. அட்லாண்டிக்கில் ஓடிய சொகுசுக் கப்பல்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டி. ஆனால், ஆள் ஏற்றுவதில் அவை இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். கேபின் பயணிகள் நூறு சொச்சம். டெக் பயணிகளோ ஐயாயிரம் பேருக்கு மேல்!

டெக் பயணி என்றால் வேறொன்றுமில்லை. பாய் விரிக்க இடம். அவ்வளவுதான். படுக்கை கிடையாது, கதவு கிடையாது. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் பிடித்துக்கொண்டு போன கூலி ஜனங்கள்தான் இந்தக் கப்பல்களின் மூலதனம். மெட்ராஸுக்குப் பக்கத்தில் ஆவடியிலும், இந்தப் பக்கம் நாகையிலும் முகாம் போட்டு, ஆளை எண்ணி, தடுப்பூசி குத்தி, கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் கூலியை மலேயாத் தோட்ட முதலாளிகளிடம் வரி மாதிரி வசூலித்த ஒரு நிதியிலிருந்து கட்டினார்கள். பி.ஐ.க்கு இது சொளையான வியாபாரம். டிக்கெட் விற்க ஓட வேண்டாம், பாக்கி வைப்பவன் இல்லை, சாப்பாடு பற்றிப் புகார் சொல்பவன் இல்லை.

1938-ல் இந்திய அரசாங்கம் இப்படிக் கூலிகளை உதவி கொடுத்து அனுப்புவதற்குத் தடை போட்டது. அடுத்த வருஷம் யுத்தம். 1940-ல் ரோஹ்னாவை பிரிட்டிஷ் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயருக்கு முன்னால் ஹெச்.எம்.டி. என்று மூன்றெழுத்து சேர்ந்தது. மேன்மை தங்கிய மன்னரின் துருப்புக் கப்பல்.

யோசித்துப் பார்த்தால், ஒரு கூலிக் கப்பலைத் துருப்புக் கப்பலாக மாற்றுவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆளை அடைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பாய் விரித்த இடத்தில் தூளி மாதிரி ஹம்மக் கட்டினால் சிப்பாய் படுத்துக்கொள்வான். சாப்பிட நீள மேஜை. மேல்தளத்தில் விமானங்களைச் சுட நாலு பீரங்கி. தீர்ந்தது.

இனி, 1943 நவம்பர்.

வட ஆப்பிரிக்காவை நேச நாடுகள் பிடித்தாகிவிட்டது. இத்தாலி சரணடைந்துவிட்டது. மத்தியதரைக் கடல் திரும்பவும் திறந்து, சூயஸ் கால்வாய் வழியே இந்தியாவுக்கு ஆளும் ஆயுதமும் அனுப்ப முடிகிறது. அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் நம் ரோஹ்னா நின்றுகொண்டிருக்கிறது. அதில் ஏறுகிறவர்கள் சுமார் இரண்டாயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். சீனா - பர்மா - இந்தியா போர்முனைக்குப் போகிறவர்கள். அதில் பெரிய கூட்டம், 853-வது இன்ஜினீயர் ஏவியேஷன் பட்டாலியன். விமானத் தளம் அமைப்பது அவர்கள் தொழில். மண் தள்ளுகிறவர்கள், ரோடு ரோலர் ஓட்டுகிறவர்கள், மெக்கானிக்குகள்.

அவர்கள் போக வேண்டிய துறைமுகம் பம்பாய். ஆக, இந்தியாவிலிருந்து தமிழர்களை வெளியே கொண்டுபோவதற்காகக் கட்டிய கப்பல், அமெரிக்கர்களை இந்தியாவுக்குக் கொண்டுவரக் கிளம்பியது.

கப்பலை ஓட்டுகிறவர்கள் யார்? கேப்டன் மர்ஃபி, ஆஸ்திரேலியர். அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். கீழே கரி அள்ளிப்போடுவது, கயிறு இழுப்பது, சமைப்பது எல்லாம் இந்தியர்கள். 'லஸ்கர்' என்பார்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் பி.ஐ. ஆள் எடுப்பது வழக்கம். கப்பல் சிப்பந்திகள் மொத்தம் 195 பேர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நவம்பர் 25, வியாழக்கிழமை. அமெரிக்கர்களுக்கு அன்று 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை. நமக்குப் பொங்கல் மாதிரி, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். அன்றைக்குத்தான் ரோஹ்னா ஓரானிலிருந்து கிளம்பி, பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் அணிவகுப்போடு சேர்ந்துகொண்டது. சுற்றிலும் காவலுக்கு நாசகாரிக் கப்பல்கள். மேலே கொஞ்சம் விமானங்கள்.

மறுநாள் சாயங்காலம். அல்ஜீரியாவின் பூஜி துறைமுகத்துக்கு வடக்கே (இன்றைக்கு பெஜாயா என்கிறார்கள்) அணிவகுப்பு போய்க்கொண்டிருக்கிறது. பிரான்சிலிருந்து கிளம்பிய ஜெர்மன் விமானங்கள் வந்து சேர்ந்தன. ஹெய்ங்கெல் 177 என்ற கனரக விமானங்கள்.

குண்டு வீச வந்த விமானம் கப்பலுக்கு நேர் மேலே வர வேண்டும். அதுதான் அதுவரைக்கும் உலகத்தின் நியதி. வந்தால் கீழேயிருந்து பீரங்கிகள் வரவேற்பு கொடுக்கும். ஆனால், இந்த விமானங்கள் தூரத்திலேயே, கப்பல்களின் போக்கையொட்டிப் பறந்தன. ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் குட்டி விமானம் மாதிரி ஒன்று கழன்று விழுந்தது. விழுந்தது கீழே போகவில்லை. வாலில் நெருப்போடு சீறிக்கொண்டு முன்னே போனது. அப்புறம் திரும்பியது. குண்டு, திரும்பியது!

அதன் பெயர் ஹென்ஷெல் 293. ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்பர்ட் வாக்னர் குழுவின் தயாரிப்பு. ஒரு டன் எடை. இரண்டு பக்கமும் சிறகு. வயிற்றுக்குக் கீழே ஒரு ராக்கெட். அந்த ராக்கெட் பத்து விநாடிதான் எரியும். அதில் கிடைக்கும் வேகத்தில் மீதி தூரத்தை மிதந்தே போய்விடும். வாலில் ஒரு தீவட்டி வெளிச்சம். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள், அந்த வெளிச்சத்தையும் கப்பலையும் ஒரே நேர்க்கோட்டில் பார்த்தபடி, கையில் இருக்கும் சின்னக் குச்சியை இப்படியும் அப்படியும் அசைப்பான். ரேடியோ அலை வழியாகக் கட்டளை போகும். இன்றைக்கு உங்கள் வீட்டுப் பையன் வீடியோ கேமில் செய்கிறானே, அதேதான். 1943 ஆகஸ்டில்தான் ஜெர்மனி இதை முதல்முறையாகப் பயன்படுத்தியது. அந்த மாதமே எக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை இது மூழ்கடித்திருந்தது. இன்றைக்கு எல்லா நாட்டு ராணுவமும் பெருமையோடு ஊர்வலம் விடுகிற ஏவுகணைகளின் கொள்ளுத்தாத்தா.

அன்றைக்கு வீசிய பெரும்பாலான குண்டுகள் குறி தப்பின. கடலில்தான் விழுந்தன. ஐந்து மணி தாண்டியிருக்கும். சூரியன் இறங்குகிற நேரம். ஹான்ஸ் டோக்டர்மன் என்பவர் ஓட்டிய விமானத்திலிருந்து விழுந்த குண்டு, நேராக ரோஹ்னாவின் இடது விலாவில் புகுந்தது.

இன்ஜின் ரூம். கீழே இருந்தவர்கள் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் முடிந்தார்கள். வெடித்த வேகத்தில் வலது பக்கத் தகடும் பிய்ந்து, கப்பலின் இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கக் கடல் தெரிந்ததாம். மின்சாரம் போனது, பம்ப் நின்றது, மாடிப்படிகள் சரிந்தன, தீ பிடித்தது. கீழ்த்தளத்தில் ஆடு மாடு மாதிரி அடைந்திருந்த பையன்கள் இருட்டில், புகையில், ஏணி தேடினார்கள்.

ரோஹ்னாவில் 22 உயிர்காக்கும் படகுகள் இருந்தன. கடலில் இறங்கியவை, எட்டு.

மற்றவை? சில குண்டிலேயே சிதறிப்போயின. சிலவற்றின் கொக்கிகள் துருவேறி அசையவில்லை என்று பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். இறங்கிய எட்டும் ஒழுங்காக மிதக்கவில்லை. ஆள் தாங்காமல் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்தன. அன்றைக்குப் பார்த்துக் கடலும் நல்ல கொந்தளிப்பு.

இன்னொரு கொடுமை. சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்த மிதவை, இடுப்பில் பெல்ட் மாதிரி கட்டிக்கொள்வது. அழுத்தினால் காற்று நிரம்பும். தண்ணீரில் குதிக்கும்போது அதை அக்குளுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். இடுப்பிலேயே விட்டால் என்ன ஆகும்? இடுப்பு மேலே மிதக்கும். தலை கீழே போகும். அதைக் கட்டிக்கொண்டே எத்தனையோ பேர் தலைகுப்புற மூழ்கிச் செத்தார்கள். எப்படிக் கட்டுவது என்று ஐந்து நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். இரண்டாயிரம் பேரைக் கடல் தாண்டி அனுப்புகிற ராணுவத்துக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் ரோஹ்னா மூழ்கியது. இருட்டிவிட்டது. பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் ஒன்று, விமானத் தாக்குதல் ஓயாதபோதே திரும்பி வந்து, அலையில் தத்தளித்தவர்களைத் தூக்க ஆரம்பித்தது. அது ஒன்றே 606 பேரைக் காப்பாற்றியது. சின்னக் கப்பல் அது. அதில் 606 பேர் என்றால் நிற்கக்கூட இடம் இருந்திருக்காது. ஏதர்ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் நாசகாரி, கிளான் கேம்ப்பெல் என்ற சரக்குக் கப்பல், ஓர் இழுவைப் படகு, இவையும் முடிந்தவரை தூக்கின. தூக்கும் கப்பலின் பக்கத்தில் வந்து, அலை தூக்கி அடித்து, கடைசி நிமிஷத்தில் போனவர்கள் எத்தனையோ பேர்.

விடிந்து கணக்கு எடுத்தபோது அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் 1,015 பேர் இல்லை. 853-வது பட்டாலியனில் மட்டும் 495 பேர். கப்பல் சிப்பந்திகளும் பீரங்கிக்காரர்களும் சேர்த்தால் மொத்தச் சாவு 1,100-ஐத் தாண்டும். கடலில் போய்க்கொண்டிருந்த அமெரிக்கத் துருப்புகள், எதிரியின் தாக்குதலால், ஒரே சம்பவத்தில் இத்தனை பேர் செத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இவ்வளவு பெரிய விஷயம், மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்திருக்க வேண்டுமே?

வரவில்லை.

கரை சேர்ந்தவர்களுக்கு வந்த முதல் உத்தரவு, வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்குக் கடிதத்தில் ஒரு வரி எழுதினாலும் ராணுவ நீதிமன்றம். செத்தவர்களின் வீட்டுக்குத் தந்தி போனது. 'காணவில்லை'. எங்கே காணவில்லை, எந்தக் கப்பல், எப்படி? பதில் கிடையாது. 1944 பிப்ரவரியில் அரசாங்கம் பொத்தாம்பொதுவாக ஓர் அறிவிப்பு விட்டது. ஐரோப்பியக் கடலில் ஒரு கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் போய்விட்டார்கள். கப்பலின் பெயர் இல்லை. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த பிறகு, 1945-ல்தான் பெயர் வந்தது. விமானங்கள் குண்டு போட்டன என்றார்கள். ரேடியோவில் ஓட்டிய குண்டு என்பதை அப்போதும் சொல்லவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. புது ஆயுதம் எவ்வளவு வேலை செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது. அதன் ரேடியோவைக் குழப்பும் கருவிகளை நேச நாடுகள் அப்போதுதான் தயார் செய்துகொண்டிருந்தன. கப்பலில் ஏறக் காத்திருக்கும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் பயந்துவிடக் கூடாது. யுத்த காலத்தில் இதெல்லாம் நியாயம்தான். 1944-ல் நியாயம். 1954-லும் நியாயமா? ஹிட்லரும் போய், ஜெர்மனியும் இரண்டாகி, அந்தக் குண்டைச் செய்த வாக்னரையே அமெரிக்கா கூட்டிக்கொண்டு போய் வேலை கொடுத்து வைத்துக்கொண்ட பிறகும், கோப்புகள் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. குண்டு போட்ட ஜெர்மன்காரனுக்குத் தெரியும். குண்டு செய்தவன் அமெரிக்காவிலேயே இருக்கிறான். விஷயம் தெரியாதவர்கள் செத்தவர்களின் அம்மாக்கள் மட்டும்தான்.

1967-ல் அமெரிக்காவில் தகவல் அறியும் சுதந்திரச் சட்டம் அமலுக்கு வந்தது. அப்புறம்தான் கதவு கொஞ்சம் திறந்தது. திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே? 1993-ல் சி.பி.எஸ். ரேடியோவில் சார்லஸ் ஆஸ்குட் என்ற பிரபல ஒலிபரப்பாளர் தன் நிகழ்ச்சியில் ரோஹ்னாவைப் பற்றிப் பேசினார். ஐம்பது வருஷமாக வாய் மூடிக்கிடந்த கிழவர்கள் அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் தேட ஆரம்பித்தார்கள். 1996-ல் அலபாமா மாநிலத்தில், ஃபோர்ட் மிட்சல் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழும்பியது. 1997-ல் கார்ல்ட்டன் ஜாக்சன் என்ற பேராசிரியர் புத்தகம் எழுதினார். 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு நன்றி சொன்னது. ஐம்பத்தேழு வருஷம்!

சரி, அந்த 195 எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும்.

பிழைத்த அமெரிக்கர்கள் பலரின் வாக்குமூலத்தில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. இந்திய மாலுமிகள் சிப்பாய்களை விட்டுவிட்டுப் படகுகளில் ஏறி ஓடிவிட்டார்கள் என்று. கண்ணால் பார்த்தவர்கள் சொல்வதை, எங்கோ உட்கார்ந்துகொண்டு நான் பொய் என்று சொல்ல மாட்டேன். சிலர் அப்படி ஓடியும் இருக்கலாம். ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணைப் பார்த்தால் சதவிகிதம் போடாமல் தூக்கம் வராது.

இரண்டாயிரம் சிப்பாய்களில் 1,015 பேர் செத்தார்கள். சரி பாதி. கப்பல் சிப்பந்திகள் 195 பேரில் செத்தவர்கள் 117. நூற்றுக்கு அறுபது.

படகில் ஏறித் தப்பி ஓடியவர்கள் அதிகமாகச் செத்திருக்கிறார்கள் என்றால், கணக்கு எங்கேயோ இடிக்கிறதே? இன்ஜின் ரூமில் குண்டு விழுந்ததால் அங்கே வேலையில் இருந்தவர்கள் உடனே போயிருப்பார்கள், அதனால் எண்ணிக்கை ஏறியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரியான வாதம். அப்படியே வைத்துக்கொண்டாலும் தெரிவது என்ன? அந்தக் கப்பலிலேயே ஆபத்தான இடத்தில் நின்றவர்கள் இவர்கள். சிப்பாய்களுக்கு மேலே வந்து கடலைப் பார்க்கவாவது முடிந்தது.

அதற்கு இவர்கள் வாங்கிய சம்பளம்? 1939-ல் யுத்தம் தொடங்கியபோது, ஒரே மாதிரி வேலைக்கு பிரிட்டிஷ் மாலுமி வாங்கியதில் லஸ்கருக்குக் கிடைத்தது கால்வாசிகூட இல்லை. அந்த வருஷக் கடைசியில் பிரிட்டிஷ் துறைமுகங்களிலேயே லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்து, சிலர் ஜெயிலுக்கும் போய், சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார்கள். அப்படியும் சமம் ஆகவில்லை. கப்பல் மூழ்கும்போது மட்டும் சம பங்கு. இல்லை, கொஞ்சம் கூடவே.

இரண்டாம் உலக யுத்தத்தில் இப்படிக் கடலில் போன இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஆறாயிரம் பேருக்கு மேல். கடலில் செத்தவனுக்குக் கல்லறை ஏது? பெயர்களைப் பேரேடாக எழுதி, ஒரு பிரதி மும்பையிலும் ஒன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும் வைத்திருக்கிறார்கள். மும்பையில் அது இருப்பது மாலுமிகள் இல்லத்தில். அமெரிக்கப் பேரன்கள் அலபாமாவுக்கு மாலையோடு போகிறார்கள். இந்தப் பேரேட்டைப் புரட்ட எந்த ஊரிலிருந்தும் பஸ் பிடித்து யாரும் போவதாகத் தெரியவில்லை.

ரஜூலா என்ன ஆனாள்? அவளையும் யுத்தத்துக்குக் கூப்பிட்டார்கள். போனாள், பிழைத்தாள், திரும்பி வந்தாள். மறுபடி மெட்ராஸ், நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடி, 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்தாள். ரங்கத் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதற்குள் அவளுக்கு நாற்பத்தேழு வயசு. 1974-ல் பம்பாயில் கொண்டுபோய் நிறுத்தி, உடைத்து, பழைய இரும்பு விலைக்குப் போட்டார்கள்.